தொழில் இழந்தவனைத் தொடரும் பாரிசவாதம்

(மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றில் கடற்றொழிலாளர், கமக்காரர், ஆசிரியர், உத்தியோகத்தர் ஆகியோர் கூடியிருந்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



அரசியல் மேடையிலே நோயைப் பற்றிப் பேசுவதென்ன புதுமை என்று சிலர் நினைக்கக்கூடும். நோயைப் பற்றி வைத்தியர் பேசட்டும், வழக்கைப் பற்றி வக்கீல் பேசட்டும் என்று சொல்வாரும் உளர். ஆனால் நம்மிடம் வழக்கென்று வந்த ஒன்று நோயாக முடிந்தது. அதனை உங்கள் முன் வைக்காமல் இந்த மேடையை விட்டு இறங்க நம் மனச்சாட்சி இடந்தரவில்லை.

சில காலத்துக்கு முன் தாயொருத்தி நம்மைத் தேடி வந்தார். கையிலே ஒரு துணிப்பை. பைக்குள்ளே அடகுக்கடைச் சீட்டுகள் ஏழு. கிளினிக் கொப்பி ஒன்று. கணவருக்கு வயது 47. பிறர் வள்ளத்தில் பங்குக்குத் தொழில் செய்தவர். 2022ஆம் ஆண்டிலே மண்ணெண்ணெய் இன்றி வள்ளம் கரையேறியபோது அவருடைய தொழிலும் கரையேறிற்று. முதலில் நகை போயிற்று. பிறகு வலை போயிற்று. ஓராண்டு கழித்து ஒரு விடியற்காலையிலே வலது கையும் வலது காலும் போயின. அவற்றோடு பேச்சும் போயிற்று. "ஐயா, வள்ளக்காரரிட்ட நட்டஈடு கேக்க வழி இருக்கோ?" என்பதே அத்தாயின் கேள்வி.

சட்டப் புத்தகங்களைப் புரட்டினோம். இவர் தொழிலாளியா, பங்காளியா என்று சட்டம் கேட்கிறது. சம்பளச் சீட்டும் இல்லை, சேமலாப நிதி இலக்கமும் இல்லை. நேர்ந்தது விபத்தா, நோயா என்று கேட்கிறது. விபத்தென்று சொல்ல வழியில்லை. வேலையின்போது நேர்ந்ததா என்று கேட்கிறது. வேலை போனபின்னன்றோ நேர்ந்தது! மூன்று கதவுகளும் மூடியே கிடந்தன.

எழுந்து போகும்போது அத்தாய் சொன்ன சொல்லே நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. "முன்னமே பிரஷர் இருந்தது ஐயா. வேலை போனாப் பிறகு கிளினிக்குக்குப் போகமாட்டன் எண்டிட்டார். பஸ் காசுக்கு அரிசி வாங்கலாம் எண்டு சொன்னார்."

அன்பர்களே! வேலை போனதற்கும் கை கால் போனதற்கும் இடையிலே ஒரு பாதை இருக்கிறது என்பதை அந்த ஏழைத்தாய் எந்த நூலையும் படிக்காமலே கண்டுகொண்டார். இன்று நாம் அந்தப் பாதையைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

நோயின் இயல்பு

பாரிசவாதம் என்றும் பக்கவாதம் என்றும் நாம் சொல்வது மூளையிலே நேரும் கேடு. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபட்டாலும் பாரிசவாதம். அக்குழாய் வெடித்துக் குருதி கசிந்தாலும் பாரிசவாதம். குருதி எட்டாத மூளைப்பகுதி நிமிடத்துக்கு நிமிடம் அழிகிறது. அப்பகுதி ஆண்டு வந்த கையோ காலோ நாவோ செயலற்றுப் போகிறது.

இதற்கு முதற் பகைவன் யார்? 32 நாடுகளிலே நடத்தப்பெற்று 2016இல் வெளியான பேராய்வொன்று, மாற்றக்கூடிய பத்துக் காரணிகளே உலகிற் பாரிசவாதத்தின் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொறுப்பு என்று காட்டிற்று. அவற்றுள் உயர் குருதி அமுக்கம் ஒன்றே ஏறத்தாழப் பாதிக்குப் பொறுப்பு. புகை, மது, உணவு, நீரிழிவு, உடலுழைப்பின்மை, மனவழுத்தம் முதலியவை மற்றவை. எனவே இதனைத் தலைவிதி என்று கைகட்டி நிற்பது அறியாமை.

முதுமையில் வந்தால் வீட்டில் ஒரு முதியவர் படுக்கிறார். நடுவயதில் வந்தால் வீடே படுக்கிறது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையிலேதான் ஒருவன் பிள்ளையைப் படிப்பிக்கிறான், மகளைக் கரைசேர்க்கிறான், கடனை அடைக்கிறான், பெற்றோரைத் தாங்குகிறான். அந்தத் தூண் சாய்ந்தால் கூரை எதன்மேல் நிற்கும்?

ஜப்பான் தரும் சாட்சியம்

வேலைக்கும் பாரிசவாதத்துக்கும் உள்ள தொடர்பை அளந்து பார்த்த நாடு ஜப்பான். 40 முதல் 59 வயது வரையுள்ள 21,902 ஆண்களையும் 19,826 பெண்களையும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. ஒசாகாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் அதனை நடத்தினர். தொடர்ந்து வேலையில் இருந்தோரோடு, இடையில் வேலையிழந்தோரை அவர்கள் ஒப்பிட்டனர். வேலையிழந்த ஆண்களிடம் பாரிசவாதம் 58 வீதம் அதிகமாகக் காணப்பட்டது. பெண்களிடம் 51 வீதம் அதிகம். பாரிசவாதத்தால் இறப்போர் தொகையோ இருபாலாரிடமும் இரு மடங்கைக் கடந்து நின்றது.

இன்னுமொன்று கேளுங்கள். வேலையிழந்து மீண்டும் வேலை பெற்ற ஆண்களின் நிலை என்ன? பிழைத்துக்கொண்டான் என்றுதானே நாம் நினைப்போம்? அவர்களிடம் பாரிசவாதம் ஏறத்தாழ மூன்று மடங்காகவும், அதனால் வரும் இறப்பு நான்கு மடங்குக்கு மேலாகவும் காணப்பட்டன. மீண்டும் வேலை பெற்ற பெண்களிடம் இத்தகைய பெரிய ஏற்றம் தெளிவாகத் தெரியவில்லை. ஜப்பானிய ஆண் ஒரே நிறுவனத்தில் வாழ்நாள் முழுவதும் உழைக்கும் மரபிலே வந்தவன். அம்மரபு அறுந்தபின் கிடைக்கும் வேலை பெரும்பாலும் தாழ்ந்த வேலை. இதுவும் போய்விடுமோ என்ற அச்சத்தில் நோயென்று ஒரு நாள் விடுப்புக் கேட்கவும் தயங்குகிறான். ஆய்வாளர் சொல்லும் விளக்கம் இது.

நாம் சட்டம் பயின்றவர்கள். எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டோம். நோயாளியாக இருந்ததாலேயே சிலருக்கு வேலை போயிருக்கலாமன்றோ? குடியும் புகையும் இரண்டுக்கும் பொதுக் காரணமாக இருக்கலாமன்றோ? புகை, மது, முன்னைய நோய்கள் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும் வேறுபாடு நின்றது என்பதே ஆய்வாளரின் மறுமொழி. ஆயினும் இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றி, இதுவே காரணம் என்று ஐயமற நிறுவாது. ஜப்பானிய ஆலைத் தொழிலாளியும் மன்னார்க் கடற்றொழிலாளியும் ஒருவரல்லர் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கூறுவோம். ஒருவனைத் தூக்குமேடைக்கு அனுப்புவதற்குத்தான் ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் வேண்டும். குடியியல் வழக்கிலே எந்தப் பக்கம் தராசு சாய்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பு. வேலையிழந்தவனின் குருதி அமுக்கத்தை அளந்து பார்ப்பதற்கும், அவன் வீட்டில் உலை எரிய வழி செய்வதற்கும் எந்த நிரூபணம் போதும்? சாய்ந்த தராசு போதும்!

நமது கரையில் வேலை என்பது எது?

இனி நமது மண்ணுக்கு வருவோம். ஜப்பானில் வேலை இருக்கிறது, அல்லது இல்லை. நமது கரையிலோ வேலை இருக்கிறது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, எருக்கலம்பிட்டி, வங்காலை, சிலாவத்துறை, விடத்தல்தீவு என்று எந்தக் கரைக்கும் போய்க் கேளுங்கள். "தொழில் என்ன?" என்றால் "கடல்" என்பார்கள். "இன்று தொழிலுக்குப் போனீர்களா?" என்றால்தான் உண்மை வெளிவரும்.

இத்தீவுக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக்குக்குடா, தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் வீசினால் தெற்குக் கடல் கொந்தளிக்கும்; வாடை வீசினால் வடக்குக் கடல் கொந்தளிக்கும். இது இயற்கை வகுத்த முறை. நம் முன்னோர் அதற்கேற்ப வலையையும் வாடியையும் மாற்றி வாழ்ந்தனர். அதனால் எவரும் உடைந்துபோகவில்லை. மனிதன் வகுத்த தடைகளே இன்று மனிதனை உடைக்கின்றன.

திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் தமிழகத்து இழுவைப்படகுகள் எல்லை தாண்டி வருகின்றன. அந்த நாள்களில் வலை போட்டால் வலை திரும்பி வராது. எனவே கிழமையில் மூன்று நாள் நமது மீனவன் கரையிலே அமர்ந்து கடலைப் பார்க்கிறான். அடிமட்ட இழுவை முறையை இந்நாட்டுச் சட்டம் 2017இல் தடைசெய்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், தமிழகக் கிழக்குக் கரையின் விசைப்படகுகளுக்கு அவர்கள் அரசே தடை விதிக்கிறது. அந்த 61 நாளில்தான் நம்மவர் மூச்சு விடுகிறார்கள். அக்கரையிலிருந்து வரும் படகிலே கூலிக்கு வலை இழுப்பவனும் தமிழன், நம் உறவினன், நம்மைப் போலவே கடன்பட்டவன் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒரு கடலை இரண்டு ஏழைகள் மேல் ஏவிவிட்டு, இரண்டு அரசுகளும் அறிக்கை விட்டுக்கொண்டிருப்பதை எவ்வளவு காலம் பொறுப்பது?

எரிபொருள் வந்த கதையைப் பாருங்கள். 2022 ஆகஸ்டிலே ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு வள்ளத்துக்கு மண்ணெண்ணெய்தான் உயிர். கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டால் பட்டினி என்ற நிலையிலே எத்தனை வள்ளங்கள் மணலில் கவிழ்ந்து கிடந்தன என்பதை நீங்களே கண்டீர்கள்.

கடற்கரையை விட்டு உள்ளே வருவோம். கட்டுக்கரைக் குளத்தின் நீரிலே விளையும் வயல்கள் மாவட்டத்தின் நெற்களஞ்சியம். அருவியாற்றைத் தேக்கத்திலே மறித்து அக்குளத்துக்கு நீர் கொண்டு வந்த பழைய அறிவு, குடியானவனை ஆண்டு முழுதும் காத்தது. 2021 மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தினார்கள். நவம்பரிலே அதைத் தளர்த்தினார்கள். இடையிலே பெரும்போக விதைப்புக் காலம் போயிற்று. வயல் இருந்தது, கமக்காரன் இருந்தான், விளைச்சல் இல்லை. அவன் வேலையிலிருந்தானா, வேலையிழந்தானா? எந்தக் கணக்கெடுப்பின் எந்தக் கட்டத்தில் அவனை எழுதுவீர்கள்?

இன்னும் பின்னே போனால் 1990 வருகிறது. அவ்வாண்டிலே தலைமன்னாருக்கு வந்த புகையிரதம் நின்றது. 2015 வரை 25 ஆண்டுகள் திரும்பவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரிலே இத்தீவின் முஸ்லிம் சகோதரர்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வள்ளமும் வலையும் கடையும் காணியும் ஒரே மாதத்தில் இழந்து அவர்கள் புத்தளத்து முகாம்களுக்குப் போனார்கள். தமிழ்பேசும் மக்களின் உரிமையைப் பேசும் நாம் அந்த அநீதியை மறைத்துப் பேசினால் நம் நாவுக்கே பாரிசவாதம் வந்ததாகத்தான் பொருள். 2007இலே முள்ளிக்குளத்து மக்கள் ஊரைவிட்டுப் போகவைக்கப்பட்டனர். 2017இலேதான் அவர்களின் நிலத்தில் ஒரு பகுதியை விடக் கடற்படை இணங்கிற்று. அன்று முப்பது வயதில் தொழில் இழந்தவன் இன்று எந்த வயதில் இருக்கிறான்? நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையிலே, அந்தக் கொடிய இருபது ஆண்டுகளிலேதான் நிற்கிறான்!

கரையிலிருந்து குருதிக்கு

வேலை நின்றால் குருதி அமுக்கம் எப்படி ஏறும் என்று கேட்கலாம். இதிலே மந்திரம் ஒன்றுமில்லை.

கடன்காரன் வாசலில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது, குருதிக்குழாய் சுருங்குகிறது, அமுக்கம் ஏறுகிறது. ஒரு நாள் ஏறினால் இறங்கிவிடும். மாதக்கணக்கில் உறக்கமின்றித் தவித்தால் அது இறங்க மறக்கிறது. பொழுது போகாதவன் பீடியை நாடுகிறான்; துயரம் தாளாதவன் சாராயத்தையோ கசிப்பையோ நாடுகிறான். இரண்டும் குழாய்க்கு நஞ்சு.

அடுக்களைக்குள் எட்டிப் பாருங்கள். மீன் படும் நாளில் பாரையும் சூடையும் கறியாகும். தொழிலற்ற நாளில் கருவாடும் சம்பலுமே துணை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பு விளையும் மாவட்டத்திலே, உப்பிலே ஊறிய மீனை உண்டு, உப்புக் காற்றைக் குடித்து வாழும் நமக்கு அந்த அளவு எங்கே நிற்கும்? கருவாடு பாவமன்று, நமது மரபுணவு. ஆனால் அமுக்கம் ஏறியவனுக்கு நாள்தோறும் அதுவே உணவானால் குளிசை ஒரு பக்கம் இழுக்க, சோறு மறுபக்கம் இழுக்கும். நன்றாக ஊறவைத்து, நீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பில் ஒரு பகுதியாவது குறையும்.

எல்லாவற்றையும் விடக் கொடியது குளிசை நிற்பது. இந்நாட்டின் அரசாங்க வைத்தியசாலையிலே மருந்துக்குப் பணமில்லை. இந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இலவச மருந்துக்குப் போவதற்கு ஒரு விலை உண்டு. விடியற்காலை இலக்கம் எடுக்க வேண்டும். பஸ் பிடிக்க வேண்டும். மதியம்வரை வாங்கிலிருக்க வேண்டும். நாட்கூலிக்காரனுக்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு நாட்சோறு. மீண்டும் வேலை கிடைத்தவனோ, "இன்றைக்கு வரவில்லை என்றால் நாளைக்கு வேறு ஆள் இருக்கிறான்" என்ற சொல்லைக் கேட்டவன். ஜப்பானிய ஆய்விலே மீண்டும் வேலை பெற்றவன் ஏன் விழுந்தான் என்பது இப்போது புரிகிறதா?

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். கருவாடு காயவைப்பவள், நண்டு உடைப்பவள், களை பிடுங்குபவள், போரிலே கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே இழுப்பவள் ஆகிய எவரையும் 'தொழிலாளி' என்று அழைக்க நம் நா எழுவதில்லை. அவளுக்கு வேலை போனால், "வீட்டில்தானே இருக்கிறாள்" என்கிறோம். அந்த 51 வீதம் அவளுடைய கணக்கு என்பதை ஆண்மக்களாகிய நாம் மறக்க வேண்டாம்.

மிகையான வேலையும் இதே குழிக்குள்தான் தள்ளும். கிழமைக்கு 55 மணித்தியாலத்துக்கு மேல் உழைப்போரிடம் பாரிசவாதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்று 2015இல் வந்த பேராய்வு காட்டியது. பகலில் கந்தோர், இரவில் கடை என்று இரண்டு வேலை பார்க்கும் நம் உத்தியோகத்தரும் கேட்டுக்கொள்ளட்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சட்டத்தின் பக்கம் திரும்புவோம். 1958இன் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நல்ல சட்டம். ஒரேயொரு தொழிலாளி இருந்தாலும், அவர் நாட்கூலியானாலும், துண்டுக்கூலியானாலும், வேலை கொள்வோர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் நிதிக்குக் கட்ட வேண்டும். ஐஸ் தொழிற்சாலையிலும் நண்டு பதனிடும் இடத்திலும் வேலை செய்யும் சகோதரிகளே, "நீ கசுவல்தானே" என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தொழிற் திணைக்களத்தில் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள்.

ஆனால் அந்த நிதி ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலுமே பொதுவாகக் கைக்கு வரும். நோயோ 45இல் வருகிறது! நிரந்தரமாக இயலாமற் போனவர் வைத்தியச் சான்றோடு முன்னரே பெற வழி உண்டு என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்குப் பணம் இருந்தும், கேட்கத் தெரியாமல் குடும்பம் கடன் வாங்குகிறது.

1971இன் 45ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி, ஒழுக்காற்றுக் காரணமல்லாத வேறு காரணத்துக்காக வேலைநீக்கம் செய்ய முடியாதென்கிறது. 1983இன் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டு உழைத்தவருக்குப் பணிக்கொடை தருகிறது. நல்லது! ஆனால் இரண்டும் 15 பேருக்குக் குறைந்த இடங்களை எட்டவில்லை. நமது கரையில் எந்த வள்ளத்தில் 15 பேர் போகிறார்கள்? கரைவலை இழுப்போரைச் சேர்த்து எண்ணினாலும், அவர்கள் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய பங்காளர் என்றே பேசப்படுகிறார்கள். 1987இல் கமக்காரருக்கும் 1990இல் கடற்றொழிலாளருக்கும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. அவற்றின் முதன்மை நோக்கம் முதுமை. நடுவயதில் அறுந்த கயிற்றை முடிச்சிட அவை போதா.

ஜப்பானைப் பாருங்கள். 1969இலே ஒரு பத்திரிகை நிறுவனத்தில் இரவும் பகலும் உழைத்த 29 வயது இளைஞர் பாரிசவாதத்தால் மாண்டார். அது வேலையால் வந்த மரணமென்று பின்னர் ஏற்கப்பட்டது. இன்று அந்நாட்டிலே, நோய் வருமுன் ஒரு மாதத்தில் 100 மணித்தியாலமோ, இரண்டு முதல் ஆறு மாதங்களில் சராசரி 80 மணித்தியாலமோ மேலதிக வேலை செய்தவருக்கு வரும் மூளை நோய்க்கும் இதய நோய்க்கும் நட்டஈடு கோரலாம். இதைத் தடுப்பதற்கென்றே 2014இல் ஒரு சட்டமும் இயற்றினார்கள். மூளையில் வெடித்த குழாய்க்கும் வேலைத் தலத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. நமது தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமோ 1934ஆம் ஆண்டிலே பிறந்தது. அது இன்னும் விபத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியவை

குறை சொல்லிக் கலைந்து போவதற்கு இக்கூட்டம் கூடவில்லை. நாம் வேண்டுவன நான்கு.

ஒன்று: வேலையிழந்தோருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மாதந்தோறும் உதவும் காப்புறுதி. 1952இலேயே சர்வதேச தொழில் நிறுவனம் சமூகப் பாதுகாப்பின் ஒன்பது தூண்களில் வேலையின்மை உதவியையும் நோய்க்கால உதவியையும் சேர்த்து எண்ணிற்று. மீன்பிடி தடைப்படும் நாளையும் பயிர் அழியும் போகத்தையும் வேலையிழப்பென்று கொள்ளும் காப்புறுதியே நமக்குப் பொருந்தும்.

இரண்டு: தொழிலின் நேரத்துக்கு வைத்தியம் வரவேண்டும். 35 வயதைக் கடந்தோரைச் சோதிக்க ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை அரசு நடத்துகிறது. அவை இறங்குதுறைக்கும், கமநல நிலையத்துக்கும், கிழமையில் ஒரு மாலைப்பொழுதாவது வரட்டும். மேல் அமுக்கத்தை 10 புள்ளி குறைத்தால் பாரிசவாத ஆபத்து நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. இவ்வளவு மலிவான காவல் வேறு எது?

மூன்று: சுகாதாரம் மாகாண சபைக்குரிய பொருள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. அதிகாரப் பகிர்வு என்று நாம் பேசும்போது, அது அரசியலமைப்பிலுள்ள ஓர் அத்தியாயம் மட்டுமென்று யாரும் எண்ண வேண்டாம். தலைமன்னாரில் மாலைநேரக் கிளினிக் வேண்டுமா என்பதை முடிவு செய்யும் கை எங்கே இருக்கிறது என்பதே அக்கேள்வி!

நான்கு: நாமே செய்யக்கூடியது. ஒவ்வொரு மீனவர் சங்கமும், ஒவ்வொரு கமக்கார அமைப்பும் குருதி அமுக்கம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கட்டும். பூசை முடிந்து கோவில் வாசலிலும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்திலும், திருக்கேதீச்சரத்து வீதியிலும் படித்த இளைஞர் அமர்ந்து அளக்கட்டும். வள்ளம் கரையேறிய வீட்டுக்கு, பயிர் அழிந்த வீட்டுக்கு, வேலை போன வீட்டுக்கு முதலிற் செல்லட்டும். குளிசை முடிந்ததா என்று கேட்கட்டும். கிளினிக்குக்குப் போக முடியாதவரின் பஸ் காசைச் சங்கம் கொடுக்கட்டும்.

நேரமே உயிர்

ஒன்று சொல்லி முடிக்கிறோம். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதம் என்றே கொள்ளுங்கள். எண்ணெய் தேய்க்க வேண்டாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உணவோ நீரோ குளிசையோ வாயில் இட வேண்டாம். கடைசியாக அவர் நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை அந்த நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பயன். அதற்கு முன் அடைப்பா, கசிவா என்று மூளையைப் படம் எடுத்துப் பார்க்கவும் வேண்டும். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

1990ஐ அழையுங்கள். 2016இல் தெற்கிலே தொடங்கிப் பின்னர் வடக்குக்கும் வந்த இலவச நோயாளர் வண்டிச் சேவையின் இலக்கம் அது. அன்பர்களே! 1990 என்ற எண் இத்தீவு மக்களுக்குப் பிரிவையும் இழப்பையுமே நினைவூட்டி வந்தது. அதே எண் இன்று உயிர்காக்கும் எண்ணாக நம் பிள்ளைகளின் நாவில் பதியட்டும்.

வள்ளுவப் பெருந்தகை உழவுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதற்கு அடுத்தபடியே நல்குரவை வைத்தார். மருந்துக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். தொழிலும் வறுமையும் நோயும் ஒரே நூலுக்குள் அடங்கும் வாழ்வின் பொருள்கள் என்பது அவர் கண்ட முறை. அவற்றைத் தனித்தனித் திணைக்களங்களாகப் பிரித்து, ஒன்றின் கதவிலிருந்து மற்றதன் கதவுக்கு ஏழையை அலைய வைத்தவர்கள் நாமே.

துணிப்பையோடு வந்த அந்தத் தாய்க்கு நாம் நட்டஈடு பெற்றுக்கொடுக்க முடியவில்லை. ஆனால் அவர் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, இதே பருவத்திலே, வள்ளம் ஏறாத இன்னொருவன் இன்று மாலை கிளினிக் கொப்பியைப் பரணிலே தூக்கிப் போடக்கூடும். அவனை இன்றே போய்ப் பாருங்கள். அவன் கையைப் பிடித்து அமுக்கத்தை அளந்து பாருங்கள். அந்தக் கை விழுவதற்குமுன் பிடித்துக்கொள்வதே இந்தக் கூட்டத்தின் பயன்.